வீட்டுப் பேர் எழுதிய பெட்டிகள்

சித்தூரில் ரேடியோ ரிப்பேர் கடையைக் கண்டுபிடிக்கப் பெயர்ப் பலகை வேண்டியதில்லை. காதே போதும். வீட்டு ரேடியோ ஒரே ஸ்டேஷனில் நிற்கும். கடை ரேடியோவின் முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்ப் போய் வரும். அரை வரிப் பாட்டு, சீறல், தெலுங்குச் செய்தியில் ஒரு வாக்கியம், மறுபடியும் சீறல், பிறகு எங்கோ தொலைவிலிருந்து இலங்கை வானொலி. தெருமுனையில் இது கேட்டால் பக்கத்தில் எங்கோ மூடி கழற்றிய ஒரு பெட்டி மேசைமேல் இருக்கிறது, அதன் முன்னால் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் என் சித்தப்பா. வேலூரில் ஒரு கடையில் எடுபிடியாக இருந்து தொழில் பழகி, எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, கட்டமஞ்சி பக்கம் ஒரு திண்ணையை வாடகைக்குப் பிடித்தவர். ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், எதிரில் இரண்டு ஸ்டூல். பின்னாளில் அந்தத் தொழில் திருப்பதிவரை வளர்ந்தது. வீடு கட்டினார், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கக் கைகொடுத்தார். அந்த வளர்ச்சியின் பலனைத் தின்று வளர்ந்தவன் நான். ஆனாலும் என் மனம் போய் நிற்பது அந்தத் திண்ணையில்தான். குறிப்பாக, அந்த இரண்டு ஸ்டூல்களில்.

ஸ்டூல்கள் வாடிக்கையாளருக்காகப் போட்டவை. செட்டைக் கொடுத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று கிளம்புகிறவரைச் சித்தப்பா விடமாட்டார். "ஒக்காருப்பா, திறந்து பாத்துட்டுப் போ" என்பார். உடைமைக்காரர் இல்லாமல் முதல் முறை மூடியைத் திறப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த கணக்கு. வந்தவர் உட்காருவார். மூடி கழறும். தன் வீட்டில் பத்து வருஷம் பேசிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பார். வால்வு ரேடியோ என்றால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னதாக எரியும். கிராமத்துக்காரர்கள் சிலர் அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

குடிபாலாவிலிருந்து ஒரு டீச்சரம்மா பழைய பிலிப்ஸ் வால்வு செட் ஒன்றைத் துணி சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாட்டு வருகிறது, ஆனால் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் விடாமல் கேட்கிறது. சித்தப்பா இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த செட்டுகளுக்குள் இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும் என்று குரு சொல்லிக்கொடுத்ததை அவர் கடைசிவரை மீறியதில்லை. வலது கையில் புதுக் கண்டன்சர் ஒன்றை எடுத்து, பழைய கண்டன்சரின் இரண்டு முனைகளிலும் படும்படி பக்கவாட்டில் வைத்தார். முனகல் நின்றது. எடுத்தார், வந்தது. திரும்ப வைத்தார், நின்றது. டீச்சரம்மாவைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களாம்மா? இதுக்குள்ள இருக்கிற மருந்து காஞ்சு போச்சு. கரண்ட்டை இதால அடக்க முடியல, அதான் முனகுது" என்றார். டீச்சரம்மா எழுந்து வந்து, பெட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்து, "இத்தனூண்டு சாமானா இத்தனை நாளா படுத்துச்சு?" என்று சிரித்தார். கூலி எவ்வளவு என்று அவர் பேரம் பேசவே இல்லை. தன் காதாலேயே நோயையும் கேட்டு, மருந்தையும் கேட்டுவிட்டவர் எதற்குப் பேரம் பேசுவார்?

மூடியைத் திரும்பப் பூட்டும் முன் எல்லாரிடமும் சித்தப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: "எங்க போச்சுன்னு பாத்துகினியா?" பார்த்தேன் என்று சொன்ன பிறகுதான் திருகாணி முடுக்குவார்.

செட்டைக் கடையில் விட்டுப் போக வேண்டியிருந்தால் அடையாளச் சீட்டு கட்டுவோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, பின்பக்கம் எழுதி, நூலில் கோத்து, குமிழில் மாட்டுவது என் வேலை. பில் நம்பர் கிடையாது. 'யாதமரி பால்காரர் வீடு', 'பங்காருபாளையம் மண்டிக்காரர் வீடு', 'மொகிலி பெரியவர் வீடு' என்றுதான் எழுதுவோம். அலமாரியில் வரிசையாக நின்ற மர்ஃபிக்கும் புஷ்ஷுக்கும் பிலிப்ஸுக்கும் எங்கள் கடையில் கம்பெனிப் பேர் இல்லை. வீட்டுப் பேர்தான்.

ஒரு செட் சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்பதற்கும் சித்தூரில் தனிக் கணக்கு உண்டு. சென்னை வர வேண்டும். 1963-ல் தொடங்கிய கடப்பா வானொலி வர வேண்டும். விஜயவாடா வந்தால் நல்லது. ராத்திரியில் இலங்கை தெளிவாக விழ வேண்டும். 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகராக இருந்த ஊர் இது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. ஆக, தமிழும் தெலுங்கும் கலந்த இந்த ஊரில், ஒரே வீட்டில் பாட்டிக்குச் சென்னை நிலையத்துக் கச்சேரி, பெரியவருக்குக் கடப்பாவின் விவசாய நிகழ்ச்சி, பையனுக்கு இலங்கையின் சினிமாப் பாட்டு. மூன்றும் விழாவிட்டால் அந்த வீட்டில் யாராவது ஒருவருக்கு ரேடியோ பழுதாகவேதான் இருக்கும். அதனால் சித்தப்பா டயல் கண்ணாடியில் சிவப்புப் பெயிண்ட்டால் மூன்று புள்ளி வைத்துத்தான் செட்டைத் திருப்பிக் கொடுப்பார். ரேடியோ வைத்திருக்க போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டி ஸ்டாம்ப் ஒட்டிய காலம் அது. அந்தச் சின்ன லைசென்ஸ் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினார்கள்.

பிறகு டிவி வந்தது. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது எங்கள் ஊரில் அது பெரும்பாலும் பேச்சாகத்தான் இருந்தது. 1984-ல் நாடு முழுக்கச் சிறு ரிலே நிலையங்கள் அடுத்தடுத்து முளைத்த பிறகுதான் ஆன்டெனாக்கள் மொட்டை மாடிகளை நிறைத்தன. ரேடியோ மெக்கானிக்குகளில் பாதிப்பேர் பயந்து ஒதுங்கினார்கள். பிக்சர் டியூபுக்குப் போகும் ஈ.எச்.டி. என்ற உயர் மின்னழுத்தம் கருப்பு வெள்ளை செட்டிலேயே பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். செட்டை அணைத்த பிறகும் டியூபில் சார்ஜ் தங்கியிருக்கும். சித்தப்பா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், சர்க்யூட் புத்தகங்களும் ஸ்பேர்களுமாகப் பை நிறைய வாங்கி வந்து, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தார். டயனோராவும் சாலிடேரும் கடைக்கு வரத் தொடங்கின.

அப்போது கடையில் எனக்கு ஒரு புது வேலை கிடைத்தது. என் வாழ்நாளில் அதைவிடப் பெருமையாக வேறு எந்த வேலையையும் நான் செய்ததில்லை. அந்தக் கால டிவியில் படம் ஒரு நொடிக்கு 15,625 கோடுகளாக வரையப்படும். கோடு வரையும் பகுதி உயிரோடு இருந்தால், உள்ளே இருக்கும் எல்.ஓ.டி. டிரான்ஸ்ஃபார்மர் அதே வேகத்தில் அதிர்ந்து, மெல்லிய ஊசி முனை மாதிரி 'கீ' என்று ஒரு விசில் வரும். சின்னப் பிள்ளைகளின் காதுக்கு அது கேட்கும். வயது ஏற ஏற அந்த உயரத்து ஓசை காதை விட்டுப் போய்விடும். சித்தப்பாவுக்கு அது நின்று போயிருந்தது. படமும் வெளிச்சமும் இல்லாத செட் வந்தால் சுவிட்சைப் போட்டுவிட்டு, "டேய், கீ வருதா?" என்பார். நான் பெட்டியின் பின்பக்கம் காதை வைப்பேன். "வருது சித்தப்பா" என்றால் கோடு வரையும் பகுதி நன்றாக இருக்கிறது, பழுது வேறெங்கோ. "வரலை" என்றால் அங்கிருந்துதான் தேட வேண்டும். மீட்டர் வைப்பதற்கு முன்பே பாதி வழி கடந்துவிடும். ஒரு தொழிலுக்குள் சிறுவனுக்கென்று ஓர் இடம், பெரியவரால் முடியாத ஒன்றை அவன் செய்யும் இடம், அங்கே இருந்தது. தொழில் பழகுவது என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன். பாடமாக யாரும் நடத்தவில்லை. தேவைப்பட்டேன், அதனால் கற்றுக்கொண்டேன்.

1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராமாயணம் ஓடத் தொடங்கியதும் சனிக்கிழமை ராத்திரிகளில் கடை அடைக்கவே முடியாமல் போனது. விடிவதற்குள் செட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தெருவே ஒரு செட்டை நம்பியிருக்கும். போர்டைக் கவிழ்த்துப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பற்றவைப்பாகப் பார்க்கச் சொல்வார். ஈயத்துக்கும் கம்பிக்கும் நடுவில் முடி அளவு கருப்பு வளையம் ஒன்று தெரிந்தால் அது ட்ரை சால்டர். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் போர்டை மெல்லத் தட்டினால் படம் போய்ப் போய் வரும். அந்த வளையத்தில் சூடு வைத்து ஈயம் உருகி மின்னும்போது, எதிர் ஸ்டூலில் கண் விழித்து உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரின் முகத்திலும் வெளிச்சம் வரும்.

எங்கள் ஜில்லாவிலும் கடப்பா ஜில்லாவிலுமிருந்து குவைத்துக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன் செட்டுகள் கடையில் தனி வரிசை. அவற்றுக்கு வரும் நோய்கள் பெரும்பாலும் சின்னவை: பெல்ட் தளர்ந்து பாட்டு இழுக்கும், ஹெட்டில் அழுக்கு ஏறிக் குரல் மங்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த செட்டைக் கொண்டுவரும் பெண்களின் பையில் கேசட் ஒன்றும் இருக்கும். அது பாட்டுக் கேசட் இல்லை. குவைத்திலிருந்து வீட்டுக்காரர் பேசி அனுப்பியது. செட் சரியாகிவிட்டதா என்று பார்க்க அதைத்தான் போட்டாக வேண்டும். முதல் வார்த்தை தெளிவாக விழுந்ததும் சித்தப்பா நிறுத்திவிடுவார். "சரியாயிடுச்சும்மா, மிச்சத்தை வீட்ல போய்க் கேளு" என்று செட்டைக் கையில் கொடுப்பார்.

இப்படிச் சேர்ந்த பேர்தான் அவரைத் திருப்பதிக்கு அழைத்துப் போனது. ரிச்சி ஸ்ட்ரீட் கிட்டுகளை வைத்து டிவி அசெம்பிள் செய்து விற்கத் தொடங்கியிருந்தார். சரக்கு எடுக்கச் சித்தூரைவிடத் திருப்பதி வசதி. காலையில் ரயிலில் சென்னைக்குப் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். ஊரும் பெருகிக்கொண்டிருந்தது. 1985-ல் பக்கத்துக் கரகம்பாடியில் அமர ராஜா கம்பெனி தொடங்கியிருந்தது. யாத்திரிகர் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. தொண்ணூறுகளில் லாட்ஜுகள் அறைக்கு அறை டிவி வைத்தன. 1993-ல் சன் டிவி, 1995-ல் ஜெமினியும் ஈடிவியும் வந்த பிறகு, டிவி இல்லாத அறையைக் கேட்பார் இல்லை. காந்தி ரோடு பக்கம் ஒரு கடை எடுத்தார். இரண்டு பையன்களை வேலைக்கு வைத்தார். லாட்ஜுகளோடு மாதக் காண்டிராக்ட் பேசினார். தொழில் ஒரே பாய்ச்சலில் பெரிதானது.

மாற்றம் அங்கேதான் நடந்தது. நடந்தபோது எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. லாட்ஜ் அறையில் டிவி ஓடவில்லை என்றால் மானேஜர் போன் பண்ணுவார். கீழே அடுத்த குடும்பம் மொட்டைத் தலையும் மூட்டையுமாக அறைக்குக் காத்திருக்கும். உட்கார்ந்து பழுது பார்க்க நேரம் ஏது? எங்கள் பையன் ஸ்பேர் டிவி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடுவான். நல்லதை வைத்துவிட்டுக் கெட்டதைத் தூக்கி வருவான். அதை ராத்திரி பின்கட்டில் வைத்துச் சரிசெய்வார்கள். மறுநாள் அது வேறொரு லாட்ஜின் வேறொரு அறைக்குப் போகும். அந்தப் பெட்டிகளுக்கும் சீட்டு ஒட்டினோம். அதில் வீட்டுப் பேர் இல்லை. 204, 311 என்று அறை எண்கள். கடையில் ஸ்டூல்கள் இருந்தன, ஆனால் உட்கார யாரும் வரவில்லை. லாட்ஜ் மானேஜருக்கு டிவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை கிடையாது. அது அவர் பாட்டு கேட்ட பெட்டி இல்லை. பிறகு ஒருநாள் இடம் அடைக்கிறது என்று ஸ்டூல்களை உள்ளே போட்டார்கள்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காண்டிராக்ட் பணத்தில்தான் நான் கல்லூரி முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனேன். ஆனால் 'முதலில் மாற்று, பிறகு பார்' என்று லாட்ஜ் கற்றுக்கொடுத்த வழக்கம், கொஞ்ச காலத்தில் தொழில் முழுவதற்கும் வழக்கமாகிவிட்டது. பிக்சர் டியூப் போய் எல்.இ.டி. வந்தது. ஒரு கண்டன்சரைத் தேடுவதைவிடப் போர்டையே மாற்றுவது சீக்கிரம் என்றானது. பேனல் போனால் அதன் விலையே புது டிவியின் விலையில் பெரும்பங்கு. செல்போனில் மூடியைத் திறக்கவே சூடு வைத்துப் பசையை இளக்க வேண்டும். வாடிக்கையாளர் கவுண்டரில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்கிறார். உள்ளே என்ன நடந்தது என்பது பில்லில் ஒரு வரி.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஒன்று உண்டு. எங்கள் பழைய சித்தூர் ஜில்லா இன்று எலக்ட்ரானிக்ஸ் பூமி. 2015 ஆகஸ்டில் சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் பூட்டிய ரெட்மி 2 பிரைம், ஷியோமி இந்தியாவில் தயாரித்த முதல் போனாக வெளிவந்தது. ரேணிகுண்டா பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் டிவி தயாராகிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லாவானபோது இந்தத் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போயின. எங்கள் ஊர்ப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போய் ஆயிரக்கணக்கில் பூட்டுகிறார்கள். அவர்களுடைய விரல் சுத்தம் சித்தப்பாவின் விரல் சுத்தத்துக்குக் குறைந்ததில்லை. ஆனால் அதே போன் விழுந்து உடைந்தால் அதே ஊரில் அதைத் திறந்து காட்டி, இங்கேதான் போச்சு என்று சொல்ல ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. செய்யத் தெரிந்த ஊராக வளர்ந்துவிட்டோம். பார்க்கத் தெரிந்த ஊராகவும் ஒரு காலத்தில் இருந்தோம்.

சித்தப்பா இப்போது இல்லை. கடையை என் தம்பி நடத்துகிறான். விற்பனைதான் பெரும்பகுதி. போன முறை போனபோது பின்கட்டில் ஒரு மேசையில் மட்டும் அயர்ன் சூடாக இருந்தது. பலமநேர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, போர்வெல் மோட்டாரின் கண்ட்ரோல் போர்டைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் இறைக்காவிட்டால் தக்காளி வாடிவிடும். அவர் விட்டுப் போகச் சம்மதிக்கவில்லை. நின்றபடியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிலேயில் எறும்பு புகுந்து கருகியிருந்தது. தம்பி அதைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அடுத்த தபா பெட்டிக்கு நானே மூடி போட்டுடறேன்" என்றார். பழுதைப் பார்த்தவர், அது திரும்ப வராமல் இருக்க வழியும் கண்டுபிடித்துவிட்டார். திறந்து காட்டுவதன் முழுப் பயனும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

பிரான்சில் 2021 ஜனவரியில் போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் ஆகியவற்றைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்கத் தொடங்கினார்கள். கழற்ற முடிகிறதா, ஸ்பேர் கிடைக்கிறதா, என்ன விலை, விவரப் புத்தகம் உண்டா என்று பார்த்துப் போடும் மதிப்பெண். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. நல்ல தொடக்கம். இந்த முயற்சி வெல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். என்றைக்காவது நம் பெட்டிகளின்மேலும் அப்படி மதிப்பெண் அச்சாகும் என்றால், அதில் சித்தப்பாவின் அளவுகோல் ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன்: உடைமைக்காரர் எதிரில் உட்கார்ந்து, எங்கே போச்சு என்று தன் கண்ணால் பார்க்க இடம் இருக்கிறதா? இருந்தால் அந்தக் கடைக்குப் பத்துக்குப் பத்தே கொடுக்கலாம்.